புதைப்பதற்கு முன் ஒரு கற்றை முடி

தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் அவர்களுக்கும், அரசு மருத்துவக் கல்லூரிகளின் சட்ட மருத்துவத் துறைத் தலைவர்களுக்கும், ரயில்வே காவல் நிலைய ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலத்தடி நீர் ஆய்வில் இருந்தவன் நான். கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், ஏரி நீர், மழைநீர் என்று ஊர் ஊராகப் போய்ப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுபெற்ற பின், கேட்பாரற்ற உடல்களை எடுத்து அடக்கம் செய்யும் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போய்வருகிறேன். வண்டியில் கூட உட்கார்ந்துகொள்வேன், குழியில் இறக்கும்போது ஒரு பக்கம் பிடிப்பேன், வழியில் ஒரு மாலை வாங்கிக்கொள்வேன். அப்படிப் போன ஒருநாள் கண்டதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

தண்டவாளத்தின் ஓரம் கிடைத்த உடல் அது. பிணவறையில் உரிய நாட்கள் வைத்திருந்தும் தேடி யாரும் வரவில்லை. வெள்ளைத் துணியின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 30, மாநிறம்’ என்று எழுதியிருந்தது. துணி சற்று விலகியபோது தலையைப் பார்த்தேன். முடிக்குச் செம்பட்டை நிறத்தில் சாயம் ஏற்றியிருந்தார். ஆனால் வேரிலிருந்து ஒன்றரை விரற்கடை அளவுக்குக் கறுப்பாக வளர்ந்திருந்தது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கோ ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே, இந்த நிறம் தனக்குப் பொருந்தும் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

அந்த மூன்று மாதமும் அந்தக் கறுப்பு முடியில் இருந்தது. எந்த மாதிரித் தண்ணீர் குடித்தார், எந்த மாதிரிச் சாப்பாடு சாப்பிட்டார், நடுவில் இடம் மாறினாரா என்பதெல்லாம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அதில் பதிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணைத் தள்ளினார்கள். முடியையும் சேர்த்துத்தான் புதைத்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கேட்க வந்தது சிறிய விஷயம்: அடையாளம் தெரியாத உடலைப் புதைப்பதற்கு முன் ஒரு கற்றை முடியை எடுத்து வையுங்கள். அதை விரிவாகச் சொல்வதற்கு முன், முடியில் இதெல்லாம் எப்படிப் பதிகிறது என்பதை எனக்குத் தெரிந்த தண்ணீரின் வழியாகவே சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்குத் தெரிந்ததாக இருக்கலாம். ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எல்லாத் தண்ணீரும் ஒரே எடை கொண்டதில்லை. ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்று, மற்றவற்றைவிடக் கனமானது. வேதியியலில் அதை ஆக்சிஜன் 18 என்போம். ஹைட்ரஜனிலும் இப்படிக் கனமானது உண்டு. அது இன்னும் அரிது. ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை ஐசோடோப்பு என்பார்கள். இவை கதிர்வீச்சு ஏதும் இல்லாத நிலைத்த ஐசோடோப்புகள், நாள்பட்டாலும் சிதைவதில்லை. மேகம் மழையாகப் பொழியும்போது கனமான நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். மேகம் கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக, மலையேற ஏற, மிச்சமிருப்பது இலேசான நீர். தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை தென்மேற்குப் பருவமழையைவிட இலேசானது. இமயத்துப் பனி உருகி வரும் நீர் அதைவிடவும் இலேசு. ஏரியில் வெயில்பட்டு ஆவியாகி நிற்கும் நீரோ நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும். அதனால்தான் மாதிரிப் புட்டியை வாய்வரை நிரப்பி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். புட்டிக்குள் ஆவியானாலே அளவு பொய்யாகிவிடும். இந்த வேறுபாடுகளை ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளப்போம். அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி என்ற கருவி அதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஒரு கிணற்றில் ஊறும் நீர் ஏரியிலிருந்து கசிந்து வந்ததா, நேரே மழையிலிருந்து இறங்கியதா என்று இதை வைத்துத்தான் நான் சொல்லிவந்தேன்.

குடிக்கும் நீர்தான் உடம்பாகிறது. முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் உருவாகும்போது, உடம்பில் அன்றைக்கு இருந்த நீரின் சாயலை வாங்கிக்கொள்கிறது. வெளியே வளர்ந்துவிட்ட முடி மாறாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலரிங்கரும் தூரே செர்லிங்கும் அவர்களுடைய குழுவினரும் 65 நகரங்களின் முடிதிருத்தும் கடைகளில் தரையில் விழுந்த முடியையும் அந்தந்த ஊர்க் குழாய்த் தண்ணீரையும் சேகரித்து ஒப்பிட்டார்கள். முடியில் கண்ட வேறுபாட்டில் 85 சதவீதத்துக்கு மேல் ஊர்த் தண்ணீரைக் கொண்டே விளக்க முடிந்தது. 2008இல் அந்த ஆய்வு வெளியானது. அதே யூட்டாவில், உப்பேரிக் கரையில் 2000ஆம் ஆண்டில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புகளோடு இருந்த முடியை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் எந்தெந்தப் பகுதிகளுக்கு இடையே மாறி மாறி வாழ்ந்தார் என்பது தெரிந்தது. 2012இல் டிஎன்ஏ சோதனை வழியாக அவருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

அடுத்தது சாப்பாடு. நெல், கோதுமை, பருப்பு, காய்கறி எல்லாம் ஒரு வழியில் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கின்றன. கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவை வேறு வழியில் எடுக்கின்றன. இந்த இரண்டு கூட்டத்துக்கும், கனமான கார்பனாகிய கார்பன் 13இன் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. களியும் கூழும் சாப்பிட்டு வளர்ந்தவரையும் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டு வளர்ந்தவரையும் இது பிரித்துக் காட்டும். கடல்மீன் நிறையச் சாப்பிடுபவரின் முடியில் கனமான நைட்ரஜன் ஏறியிருக்கும். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளே இந்தக் கார்பன் சோதனையைத்தான் கேட்கின்றன. தேன் புட்டிக்குச் செய்கிறோம். தண்டவாளத்தில் கிடந்த அந்த மனிதருக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாவது பாறை. இது எனக்கு மிகவும் பிடித்தது. ரூபிடியம் என்ற தனிமம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஸ்ட்ரான்சியம் என்ற வேறொரு தனிமத்தின் ஐசோடோப்பான ஸ்ட்ரான்சியம் 87ஆக மாறுகிறது. அதனால் ரூபிடியம் மிகுந்த பழம் பாறையில் ஸ்ட்ரான்சியம் 87இன் பங்கு கூடியிருக்கும். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணக் கரும்பாறையில் அது குறைவு. கங்கையின் தலைப்பகுதி நீரில் உலக ஆறுகளிலேயே வியக்கத்தக்க அளவுக்கு அதிகம். நம் பக்கத்துப் பாறைகளுக்கு அவற்றுக்கே உரிய அளவுகள் இருக்கின்றன. பாறை மண்ணாகி, மண் பயிருக்குப் போய், பயிர் பல்லுக்கு வந்து சேரும். பல்லின் எனாமல் ஒருமுறை உருவானால் அவ்வளவுதான், பிறகு மாறவே மாறாது. முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து மூன்று வயதுக்குள் உருவாகிவிடும். ஞானப்பல்லுடையது பத்து வயதை ஒட்டித் தொடங்கும். ஒரே வாயில் இருக்கும் இந்த இரண்டு பல்லும் ஒருவர் எங்கே தவழ்ந்தார், எங்கே பள்ளிக்கூடம் போனார் என்று தனித்தனியே சொல்லும். இதைச் சொல்லும்போது பல்லாவரம் மலை நினைவுக்கு வருகிறது. கொல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பார்த்துவிட்டு, இது சென்னையை அடுத்த மலைக்கல் என்று கண்டுகொண்டார். அதனால்தான் அந்தப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்லறையின் கல் எங்கிருந்து வந்தது என்று நூற்று முப்பது ஆண்டுக்கு முன்பே கேட்ட நாடு இது. கல்லறைக்குள் போகிறவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்பதும் அதே அறிவியல்தான்.

இதைக் காவல்துறை பயன்படுத்திய விதத்துக்கு இலண்டன் சிறுவனின் வழக்கை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2001 செப்டம்பர் 21 அன்று தேம்ஸ் ஆற்றில் ஒரு சிறுவனின் உடற்பகுதி மிதந்தது. தலை இல்லை, கையும் காலும் இல்லை. இடுப்பில் ஆரஞ்சு நிறக் கால்சட்டை. நான்கு முதல் ஏழு வயதுக்குள் இருக்கும் என்றார்கள். முகம் இல்லை, பல் இல்லை, விரல்ரேகை இல்லை, பிள்ளையைக் காணவில்லை என்று புகார் கொடுத்தவரும் இல்லை. காவலர்களே அவனுக்கு ஆதாம் என்று பெயர் வைத்தார்கள். இலண்டன் ராயல் ஹாலோவே கல்லூரியின் கென் பை, எலும்பிலிருந்த ஸ்ட்ரான்சியத்தை அளந்தபோது அது மிகப் பழைய பாறைகள் கொண்ட மேற்கு ஆப்பிரிக்க நிலத்தைக் காட்டியது. அதிகாரிகள் நைஜீரியாவுக்கே போய் மண், பாறை, எலும்பு மாதிரிகளைச் சேகரித்து வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் பெனின் நகரைச் சுற்றிய வட்டாரம் பொருந்தியது. கியூ தாவரவியல் பூங்காவின் அறிஞர்கள் குடலில் இருந்த நச்சு அவரை ஒன்றை அடையாளம் கண்டார்கள். இங்கிலாந்துப் பக்கத்து மகரந்தமும் குடலில் இருந்தது. ஆக, அவன் உயிரோடு அந்த நாட்டுக்கு வந்து சில நாட்கள் இருந்திருக்கிறான்.

கொலைக்கு இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அவனுடைய உண்மைப் பெயரும் ஐயமறத் தெரியவில்லை. இதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஐசோடோப்பு பெயர் சொல்லாது, ஊர்ப்பெயர்கூடச் சொல்லாது. இந்தத் திசையில் தேடு, அந்தத் திசையில் தேடாதே என்று சொல்லும். ஆனால் உலகம் முழுவதும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற நிலையிலிருந்து ஒரு நகரத்தின் சுற்றுவட்டாரம் வரை அந்தப் பிள்ளையைத் தேடி வர முடிந்ததே, அதற்குக் காரணம் சிறிதளவு எலும்புதான்.

டிஎன்ஏ இருக்கும்போது இது எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். டிஎன்ஏவுக்கு எதிரே ஒப்பிட ஓர் ஆள் வேண்டும். தாயோ தகப்பனோ பிள்ளையோ வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். ஒடிசாவிலோ பீகாரிலோ ஒரு கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு மகன் எந்த மாநிலத்தில் இறங்கினான் என்பதே தெரியாமல் இருக்கலாம். அவர் எந்தக் காவல் நிலையத்தில் போய் நிற்பார்? இங்கே இருக்கும் காவலர் எந்த மாநிலத்துக்குச் செய்தி அனுப்புவார், எந்த மொழிச் செய்தித்தாளில் படம் போடுவார்? நாம் தமிழ்ச் செய்தித்தாளில் போடுகிறோம், அதைப் பார்க்க வேண்டியவருக்குத் தமிழ் தெரியாது. முதல் திசையைக் காட்டுவதற்குத்தான் ஐசோடோப்பு. அந்தத் திசையில் போய் ஆளைக் கண்டுபிடித்த பிறகு உறுதிசெய்வதற்கு டிஎன்ஏ. யூட்டாவில் நடந்ததும் இதுதான்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியதற்கு எந்திரம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். அடையாளம் தெரியாத உடலுக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கும்போது, பின்னந்தலையிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை முடியைத் தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று தெரியும்படி அந்த முனையில் நூலால் கட்டி, அலுமினியத் தாளில் சுற்றி, காகித உறையில் போட்டு வையுங்கள். வேர்ப்பக்கம் தெரியாமல் போனால் நாட்காட்டியைத் தலைகீழாகப் படிப்பதுபோல் ஆகிவிடும், ஆகவே இந்த நூல் முக்கியம். சாயம் பூசியிருந்தால் அதையும் உறைமேல் எழுதுங்கள். கூடவே கைவிரல் நகங்களின் நுனியும், கடைவாய்ப் பல் ஒன்றும், முடிந்தால் ஞானப்பல்லும். ஃபார்மலினில் போட வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். ஈரம் படாத அலமாரி போதும். வழக்கு எண், நாள், எடுத்தவர் பெயர், கையெழுத்து, அரக்கு முத்திரை. உள்ளுறுப்புகளை ஆய்வுக்கு அனுப்பும்போது நீங்கள் அன்றாடம் செய்கிற அதே ஒழுங்குதான். டிஎன்ஏவுக்காகப் பல்லோ எலும்போ எடுத்து வைக்கும் வழக்கம் உள்ள மருத்துவமனைகளுக்கு இது இன்னும் ஓர் உறை, அவ்வளவே. ஆனால் நான் துணைபோன அடக்கங்களில் முடியைத் தனியே எடுத்ததை ஒருமுறையும் பார்க்கவில்லை. மருத்துவர்கள்மீது குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

சோதனை இன்றைக்கே நடக்காவிட்டாலும் பரவாயில்லை. முடியும் பல்லும் காத்திருக்கும். ஐந்து ஆண்டு கழித்துச் சோதித்தாலும் அதே விடைதான் வரும். புதைத்துவிட்டால் மட்டும் திரும்பக் கிடைக்காது. தோண்டி எடுக்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கும் யாராவது கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலை, ஒப்பிடுவதற்கான வரைபடம். முடியை அளந்து ஓர் எண் வந்தால் போதாது, அந்த எண் எந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தும் என்று தெரிய வேண்டும். தண்ணீர்ப் பக்கம் பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முன்முயற்சியில் இந்திய நீர்நிலைகளின் ஐசோடோப்புக் கைரேகையை எடுக்கும் தேசியத் திட்டம் நடந்தது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்திலும், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்திலும் எந்திரமும் தேர்ந்த ஆட்களும் இருக்கிறார்கள். நமக்குக் குறையாக இருப்பது முடி. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சலூன் கடையில், அதே ஊரில் ஓராண்டுக்கு மேல் குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு, பெயர் எழுதாமல், சிறிது முடி. பழனியிலும் திருச்செந்தூரிலும் சமயபுரத்திலும் முடி காணிக்கை கொடுக்க எல்லா மாவட்டத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். அங்கே வரிசையில் நிற்கும் அம்மாவிடம் ‘பெயர் தெரியாமல் இறந்துபோன பிள்ளைகளை அவர்கள் வீட்டில் சேர்க்க ஒரு கொத்து முடி கொடுப்பீர்களா, எந்த ஊர் என்று மட்டும் சொல்வீர்களா’ என்று கேட்டுப்பாருங்கள். இல்லை என்று சொல்ல மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

சிக்கல்கள் இருக்கின்றன, தண்ணீர்க்காரனாக எனக்கு அவை தெரியும். சென்னையில் ஒரே தெருவில் ஒருவர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையின் நீரையும், இன்னொருவர் வீராணம் நீரையும், மூன்றாமவர் லாரித் தண்ணீரையும் குடித்துக்கொண்டிருக்கலாம். கடல்நீரிலிருந்து எடுத்த நீர் மழைநீரைவிடக் கனமானது. கேன் தண்ணீர் வேறு எங்கோ போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கேழ்வரகையே தொடாதவர் உடம்பிலும் பிராய்லர் கோழி வழியாக மக்காச்சோளம் ஏறியிருக்கும், ஏனென்றால் கோழித் தீவனத்தில் பெரும்பங்கு அதுதான். ஆகவே மழையை மட்டும் பார்த்து வரைந்த வரைபடம் நமக்கு உதவாது. குழாயையும் கேனையும் அளந்து நாமே வரைய வேண்டும். இது கடினமான வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை. 1849இலேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகத்தைத் தொடங்கி நாட்டுக்கே தடய அறிவியலில் வழிகாட்டிய துறை உங்களுடையது. இதை முதலில் செய்யும் தகுதி வேறு யாருக்கு இருக்கிறது?

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சோதனையை உயிரோடு இருப்பவர்கள்மேல், அவர்கள் எந்த ஊர்க்காரர் என்று பிரித்துப் பார்ப்பதற்காக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். 2009இல் பிரிட்டிஷ் எல்லை முகமை, அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் முடியையும் நகத்தையும் டிஎன்ஏவையும் எடுத்து அவர்கள் சோமாலியர்தானா என்று பார்க்கத் தொடங்கியது. இந்தத் துறையின் அறிவியலாளர்களே கொதித்தெழுந்தார்கள். பாறையும் மழையும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே தண்ணீர்தான் என்றார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வேலை தேடி நம் ஊருக்கு வந்தவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு இது கருவியாகுமானால், நான் எழுதிய இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீதிமன்றத்திலும் இதைத் தனிச் சாட்சியாக நிறுத்த வேண்டாம். பெயர் தெரியாமல் இறந்தவரை அவருடைய வீட்டாரிடம் சேர்ப்பதற்கு மட்டும் என்று விதியிலேயே எழுதுங்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில், அதாவது முன்பு 174 என்று நாம் சொல்லிவந்த பிரிவில், பதிவாகும் ஒவ்வொரு அடையாளம் தெரியாத உடலுக்கும் இந்த மாதிரிகளை எடுத்து வைக்க வேண்டும் என்று அரைப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். மாதிரிகளை எப்படி எடுப்பது என்று பிணவறை உதவியாளர்களுக்குக் காட்டிக்கொடுக்க என்னை அழைத்தால் எந்த மாவட்டத்துக்கும் என் செலவில் வருகிறேன். அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சென்ற வாரமும் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். இந்த முறை ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், நரைத்த கூந்தல் இடுப்பைத் தொடும் நீளம். அவ்வளவு நீளம் வளர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகியிருக்கும். என் சட்டைப் பையில் காகித உறையும் நூலும் இருந்தன. எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதால் கூந்தலை ஒதுக்கித் துணியால் மூடிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவன்,
திருச்சிராப்பள்ளி